31 படங்களும் ஒரு கல்வெட்டும்

எங்கள் தொடர்மாடியில் இலையுதிர் காலம் கலண்டரைப் பார்த்து வருவதில்லை. பல்கனிகளில் நிற்கிற கறிவேப்பிலைச் சாடிகள் வீட்டுக்குள் போகத் தொடங்கினால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு நேர் மேல்மாடியில் ஒரு அன்ரி இருந்தா. இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால், அன்று பின்னேரமே சீமெந்துத் தரையில் சாடி இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். இந்த வருடம் அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஜூன் மாதம் அன்ரி காலமாகிவிட்டா.

நான் பகலில் மென்பொருள் எழுதுகிறவன். இரவில் படம் கீறுகிறவன். எந்தக் கலைக்கூடத்தோடும் சேராமல் தானே கீறி, இணையத்தில் போட்டு, வருடத்தில் ஐந்தாறு படம் விற்கிற ஆளை இப்போது 'சுயாதீனக் கலைஞர்' என்கிறார்கள். அந்தப் பெயரை எனக்கு வைத்துக்கொள்ளக் கூச்சம்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன ஒக்ரோபரில் நாளுக்கொன்றாக 31 படம் கீறி ஒரு படச் செயலியில் போட்டேன். 17ஆம் நாள் கீறுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. மேல்மாடிக்கு ஏறிப்போனேன். அன்ரி உள்ளே எடுத்த செடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து, காய்ந்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தா.

"என்ன தம்பி, என்னைக் கீறப்போறீரோ? கீறுறதெண்டால் செடியையும் சேர்த்துக் கீறும். அது என்னைவிட வடிவு."

இருபது நிமிடத்தில் ரப்லெற்றில் கீறி முடித்தேன். மூலையில் 'நாள் 17' என்று பெரிதாக எழுதி, சதுரமாக வெட்டிப் போட்டேன். விருப்பக்குறி அதிகம் விழவில்லை. அடுத்த நாளே அதை மறந்துவிட்டேன். ரப்லெற்றில் இடம் நிறைந்திருந்ததால் மூலக் கோப்பையும் அழித்துவிட்டேன்.

ஜூனில் அன்ரியின் மூத்த மகள் போன் எடுத்தா. "தம்பி, அம்மாவை நீங்கள் ஒருக்கா கீறினீங்கள் எல்லோ? அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறம். முன்பக்கத்துக்கு அந்தப் படத்தைப் போட விருப்பம். அம்மா எல்லாருக்கும் அதைப் பற்றிச் சொன்னவா."

எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். ஒருவர் காலமாகி 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. அவரின் வாழ்க்கை வரலாறு, குடும்பமரம், தேவாரம், நன்றியுரை எல்லாம் அதில் இருக்கும். ஊரில் எத்தனையோ பேருக்கு அவர்களைப் பற்றி அச்சில் வந்த ஒரே புத்தகம் அதுதான்.

என்னிடம் கொடுக்க இருந்தது 1080 பிக்சல் அகலமான ஒரு சதுரம். தொலைபேசித் திரைக்கு அது தாராளம். அச்சகத்தில் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள். கணக்குப் பார்த்தால் மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதிலும் அன்ரியின் கால் வெட்டுப்பட்டு, கைக்கு மேல் 'நாள் 17' என்று கிடந்தது. தரவைப் பாதுகாக்கிற முறைமைகளைக் கட்டிச் சம்பளம் வாங்குகிறவன் நான். பிழை வேறு எவருடையதும் இல்லை, என்னுடையது.

நாளுக்கொரு படம்

ஒக்ரோபரில் நாளுக்கொரு மைச்சித்திரம் கீறுகிற வழக்கத்துக்கு இங்க்ரோபர் என்று பெயர். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கியது. மையால் கீறுகிற தன் கையைத் திருத்திக்கொள்ளவும், நல்ல பழக்கமொன்றை ஏற்படுத்திக்கொள்ளவும்தான் அவர் அதைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். அதன் விதியிலேயே ஒரு சலுகை இருக்கிறது: 31 நாளும் முடியாதவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கீறலாம், வாரத்துக்கு ஒன்றும் கீறலாம். எங்களில் பலர் அந்த வரியை வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை.

5ஆம் நாள் நான் எங்கள் சென் ஜேம்ஸ் ரவுணையே கீறினேன். 1960களில் இங்கிருந்த பழைய வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய 19 உயர்மாடிகள். கனடாவின் நகரங்களின் பெயரைத்தான் கட்டடங்களுக்கு வைத்திருக்கிறார்கள். நடுத்தர வர்க்கத்து இளம் ஆட்களுக்கென்று கட்டியது, பிறகு உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்களின் முதல் வாசலாகிவிட்டது. 1980களில் வந்த எங்கள் ஆட்களிலும் எத்தனையோ பேர் இங்கே ஒரு அறைக்குள் ஆறு பேராகப் படுத்து எழும்பித்தான் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போனார்கள். அன்ரி மட்டும் போகவில்லை. "இஞ்சையிருந்து நடந்தே எல்லா இடமும் போகலாம், அங்கை போனால் ஆரையும் பார்த்துக்கொண்டெல்லோ இருக்கவேணும்" என்பா.

அந்த 19 கட்டடத்தின் ஜன்னல்களையும் கீற எனக்கு நாலு மணித்தியாலம் பிடித்தது. அதைப் பார்த்தவர் சிலபேர்தான். 9ஆம் நாள் அலுப்பில் ஒரு தட்டுக் கொத்துரொட்டி கீறினேன். கால் மணித்தியால வேலை. தொலைபேசி இரவு முழுக்கத் துடித்துக்கொண்டேயிருந்தது. 10ஆம் நாள் வடை. 11ஆம் நாள் றோல்ஸ். 12ஆம் நாள் தேத்தண்ணி. சாப்பாடு கீறுவது குற்றமில்லை. ஆனால் சாப்பாட்டைக் கீறவேண்டும் என்று முடிவெடுத்தது நான்தானா என்று அப்போது நான் கேட்கவில்லை.

என் தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் ஏதுமில்லை. ஒரு பதிவு வந்தவுடன் முறைமை அதைக் கொஞ்சப் பேருக்குக் காட்டிப் பார்க்கும். எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பக்குறி போட்டார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்று எண்ணும். அந்த எண்ணிக்கையிலிருந்து, அடுத்தவர் என்ன செய்வார் என்று ஊகித்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புள்ளி போட்டு வரிசைப்படுத்தும். அதன் வேலை ஆட்களைத் திரையில் வைத்திருப்பது. படம் நல்லதா, பத்து வருடம் கழித்து யாருக்காவது தேவைப்படுமா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை. கெட்ட எண்ணத்தால் வந்த குறையென்று இதைச் சொல்லமாட்டேன். அளக்கக்கூடியதை மட்டுமே அது அளக்கிறது.

அந்தக் கணக்கும் ஒரே மாதிரி நிற்பதில்லை. 2021 ஜூன் கடைசியில் இன்ஸ்ரகிராமின் தலைவர் அடம் மொஸேரி, தாங்கள் இனிமேல் படங்களைப் பகிர்கிற செயலி மட்டும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகு காணொளிதான் முன்னுக்கு வந்தது. அசையாத படம் கீறுகிறவர்கள், தங்கள் கை கீறுவதைப் படம்பிடித்துப் பாட்டுப் போட்டு வெளியிடத் தொடங்கினார்கள். நானும் விளக்கும் முக்காலியும் வாங்கினேன். கீறுகிற நேரத்தைவிட வெட்டி ஒட்டுகிற நேரம் கூடிப்போனது.

ஒக்ரோபரில் மூடுகிற வாசல்கள்

இணையத்தில் போட்டது அழியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வெருட்டுகிறோம். வெட்கப்படவேண்டியவை அழியாமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் வைத்திருக்க விரும்பியவை அழிந்துபோன கதை நிறைய இருக்கிறது.

1990களின் கடைசியில் எங்கள் ஆட்கள் உட்பட எத்தனையோ பேர் ஜியோசிற்றீஸில் சொந்தப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். அதை யாகூ 2009 ஒக்ரோபரில் மூடியது. ஜேக் பார்க்கர் முதலாவது இங்க்ரோபர் கீறிய அதே மாதம். மைஸ்பேஸில் 2003 முதல் 2015 வரை பாடகர்கள் ஏற்றிய பாட்டுகள், 50 மில்லியனுக்கும் மேல், சேர்வர் மாற்றும்போது தொலைந்துபோயின. 2019இல்தான் அது வெளியில் தெரியவந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஸ்காபரோவில் அடித்தளத்து அறைகளில் இருந்து றாப் பாடி ஏற்றிய எங்கள் பெடியளின் பாட்டு எத்தனை அதில் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கோ.

கனடாவில் இருக்கிற எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் இருக்கிறது. 2023 ஜூனில் இணையச் செய்திச் சட்டம் நிறைவேறியது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கவேண்டி வரும் என்பதால், ஓகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்து மெற்றா நிறுவனம் பேஸ்புக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் கனேடியர்களுக்குச் செய்தியை நிறுத்தத் தொடங்கியது. யார் சரி, யார் பிழை என்ற விவாதம் வேறு. தங்கள் வாசகர்களை முழுக்க பேஸ்புக்கிலேயே சேர்த்து வைத்திருந்த சிறிய ஊடகங்களுக்கு, பல வருட உழைப்பில் சேர்ந்த அந்தக் கூட்டம் ஒரு நாளில் எட்டாத தூரத்துக்குப் போனது. வாசகர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். பாதைதான் இல்லை.

பாட்டுக்காரர்களின் கதையும் இதுதான். ஸ்போட்டிஃபையில் 2024இலிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1000 தடவையாவது ஒலிக்காத பாட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தபோது நாங்கள் எல்லாரும் காரில் திரும்பத் திரும்பக் கேட்டோம். கனடாவோடு தொடர்புள்ள மாஜா என்ற தளம், சுயாதீனக் கலைஞர்களுக்காக என்று சொல்லி வெளியிட்ட முதல் பாட்டு அது. மூன்று வருடம் கழித்து, அந்தப் பாட்டால் தனக்கும் தீக்கும் அறிவுக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் சொன்னார். கணக்கு வழக்கு அவர்களுக்கிடையிலானது, அதற்குள் நான் போகவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டைச் செய்தவரே கணக்கைத் தன் கையால் திறந்து பார்க்க முடியாத இடத்தில் நின்றார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஓவியர்கள் 2024 ஜூனில் ஒரு முறை கூட்டமாக எழும்பிப் போய்ப் பார்த்தார்கள். பொதுவில் போட்ட படங்களைச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றப் பயன்படுத்தப்போகிறோம் என்று மெற்றா ஐரோப்பியப் பயனர்களுக்கு அறிவித்த நேரம். சிங்கப்பூர்ப் புகைப்படக் கலைஞர் ஜிங்னா சாங் தொடங்கிய காரா என்ற தளத்துக்குப் பலர் குடிபெயர்ந்தார்கள். ஒரே வாரத்தில் 40,000 பயனர் 650,000 ஆனார்கள். அதோடு சேர்வர் பில்லும் வந்தது, ஏறத்தாழ 96,000 அமெரிக்க டொலர். இந்தத் தொகையை வாசித்தபோது என் தொழில்மூளைக்கு வியர்த்தது. படம் எங்கே இருந்தாலும் அதற்கு யாரோ வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுகிறவர் நிறுத்தினால் வீடு காலி. ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குப் போவதால் மட்டும் இது தீராது.

சுவரில் இருக்கிற பறவை

வெலெஸ்லி வீதி கிழக்கில் 200ஆம் இலக்கக் கட்டடம் இருக்கிறது. 2010 செப்ரெம்பர் 24ஆம் திகதி, இலையுதிர் காலம் தொடங்கி இரண்டு மூன்று நாள்தான், அதில் பெரிய தீ. 1200 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அன்ரி தன் பல்கனியிலிருந்து அதைப் பார்த்த கதையை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறா. மூன்று வருடம் கழித்து, 2013இல், அதே கட்டடத்தின் சுவரில் ஒரு பீனிக்ஸ் பறவை எழும்பியது. ஸ்டெப்ஸ் என்ற சமூகக் கலை அமைப்பு ஒழுங்குசெய்ய, ஓவியர் ஷோன் மார்ட்டின்டேல் இங்குள்ள இளைஞர்களோடு சேர்ந்து உருவாக்கிய சுவரோவியம். கட்டடத்தின் முழு உயரத்துக்கும் ஏறி நிற்கிறது. உலகத்திலேயே மிக உயரமான சுவரோவியம் என்று அப்போது பேசப்பட்டது.

நான் அதை எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன். தொலைபேசியில் படமெடுத்தால் அது அடங்காது. பறவையை முழுக்கப் பார்க்கவேண்டுமென்றால் தள்ளி நின்று கழுத்தை நிமிர்த்தவேண்டும். செத்தவீட்டுக்குப் பிறகு ஒரு நாள் அப்படி நின்றபோது யோசித்தேன். அந்தப் பறவையை வரைந்தவர்களுக்கு யாருக்காக வரைகிறோம் என்று தெரிந்திருந்தது. தீயில் வெளியேறித் திரும்பி வந்தவர்களுக்காக. என்னுடைய 31 படத்தில் யாருக்காக என்று எனக்குத் தெரிந்திருந்தது எத்தனை? ஒன்று. அந்த ஒன்றைத்தான் நான் அழித்திருந்தேன்.

எங்கள் சமூகத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகு வந்த தலைமுறை 2005இல் நூலகம் என்ற இணையத் தளத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்வருடி ஏற்றியது. அதில் நினைவு மலர்களும் கல்வெட்டுகளும் ஒரு பெரிய பகுதி. ரொறன்ரோவிலேயே 1990இல் செல்வம் அருளானந்தம் 'காலம்' இதழைத் தொடங்கினார். வேலை செய்து களைத்து வந்தவர்கள் சேர்ந்து, நேரமும் காசும் கூடுகிறபோது கொண்டுவந்த இதழ் அது. நாளுக்கொரு பதிவு என்று அவர்கள் ஓடவில்லை. அந்தப் பழைய இதழை இன்றைக்கும் எடுத்து வாசிக்கலாம். என்னுடைய போன வருடத்துப் படத்தை எடுக்க முடியவில்லை.

நான் மாற்றியவை

இந்த இலையுதிர் காலத்துக்கு நான் சில பழக்கங்களை மாற்றியிருக்கிறேன். ஆலோசனை சொல்கிற தகுதி எனக்கில்லை. ஒருவனின் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கோ.

முதலாவது, கடதாசியில் கீறுகிறேன். பிறகு 600 புள்ளியில் ஸ்கான் செய்கிறேன். செயலிக்குப் போவது அதன் சின்னப் பிரதி. மூலம் என்னிடம் இருக்கும். கோப்பின் பெயரில் திகதி, இடம், ஆள். 'புதுப்படம் கடைசி 2' என்ற மாதிரிப் பெயர்கள் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது, எங்கள் தொழிலில் 3-2-1 என்று ஒரு எளிய விதி உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகை சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். தொடர்மாடியில் இருப்பவனுக்கு மூன்றாவது பகுதிதான் முக்கியம். 2018 ஓகஸ்டில் பார்லிமென்ற் வீதி 650ஆம் இலக்கத்தில் மின்சாரத் தீ வந்தபோது ஏறத்தாழ 1500 பேர் வெளியேறினார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகத் திரும்பி வரமுடியவில்லை. வீட்டுக்குள்ளேயே பத்துப் பிரதி வைத்திருந்தாலும் அன்றைக்கு அது ஒரு பிரதிதான். என்னுடைய மூன்றாவது பிரதி இப்போது மார்க்கத்தில் அக்கா வீட்டு அலுமாரிக்குள், ஒரு சின்ன வன்தட்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பிப்பேன்.

மூன்றாவது, எனக்கென்று ஒரு இணைய முகவரி வாங்கினேன். வருடத்துக்கு இருபது டொலர் அளவில். அதில் படங்களும், விரும்புகிறவர் மின்னஞ்சல் கொடுக்க ஒரு கட்டமும் இருக்கின்றன. 63 பேர் பெயர் தந்திருக்கிறார்கள். செயலியில் என்னைப் பின்தொடர்கிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆனால் இந்த 63 பேருக்கும் நான் எழுதினால் அது அவர்களிடம் போகும். நடுவில் நின்று யாரும் புள்ளி போடமாட்டார்கள். செயலியை விட்டுவிடவில்லை. அதைச் சந்தியில் வைத்த விளம்பரப் பலகை மாதிரிப் பாவிக்கிறேன், வாரத்துக்கு ஒரு நாள்.

நாலாவது, ஒக்ரோபரில் 31 படத்துக்குப் பதிலாக இந்த முறை ஐந்து படம். சென் ஜேம்ஸ் ரவுணில் நெடுங்காலம் இருக்கிற ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் வாரத்துக்கொரு பின்னேரம் போயிருந்து கீறுவது, அவர்களின் கதையைப் பக்கத்தில் எழுதுவது. முதலில் அவர்களுக்குக் காட்டுவது. மாதம் முடிய அதை ஒரு சின்னப் புத்தகமாக்கி 60 பிரதி அடிப்பது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கனடாவில் புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண் இலவசம். அதைத் தருகிற கனடா நூலக ஆவணக் காப்பகத்துக்கே நீங்கள் வெளியிட்ட புத்தகத்தின் பிரதியையும் சட்டப்படி அனுப்பவேண்டும். 100க்குக் குறைவாக அடித்தால் ஒரு பிரதி, 100 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு. இதைச் சுமையென்று நினைக்காதேங்கோ. உங்கள் கவிதைப் புத்தகமோ அம்மாவின் சமையல் குறிப்போ, தமிழிலேயே, ஒட்டாவாவில் நாட்டின் காப்பகத்தில் இருக்கும். ஒரு பிரதியை மின்வருடி நூலகம் தளத்துக்கும் அனுப்பலாம்.

மறுபக்கம்

இதை வாசித்துவிட்டு ஒரு நண்பன் சொன்னான்: "மச்சான், உனக்குச் சம்பளம் வருது, நீ சொல்லுவாய். கீறித்தான் வாடகை கட்டுறவன் வாரத்துக்கொருக்கா போட்டால் ஆர் வேலை குடுப்பினம்?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படைப்பைத் தொழிலாக வைத்திருக்கிறவருக்கு அந்தத் திரைதான் கடை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்த ஷான் வின்சென்ற் டி போலும் யாஞ்சனும் மிருதங்கத்தையும் றாப்பையும் சேர்த்துப் போட்ட குறுங்காணொளிகள், எந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலிலும் நிற்காமல் உலகத்தின் பல மூலையிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. இணையம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. எனக்கும் முதல் படத்தை வாங்கியவர் நோர்வேயில் இருக்கிற, நான் காணாத ஒருவர். அந்த நன்றியை மறக்கமுடியாது.

அதனால் திரையை மூடச் சொல்லவில்லை. மூலத்தைக் கையில் வையுங்கோ, ஆட்களின் முகவரியைக் கையில் வையுங்கோ என்பதுதான். கடை வைத்திருப்பவர்கூடக் கணக்குக் கொப்பியைச் சந்தியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார். நாளுக்கொன்று போடுகிறவரும் இதைச் செய்யலாம். ஒரு பின்னேர வேலை.

அதற்கு இந்தக் காலம் பொருத்தமானது. செப்ரெம்பர் 22 அளவில் ரொறன்ரோவில் ஏழேகாலுக்குப் பொழுது படும். ஒக்ரோபர் முடிய ஆறு மணி தாண்டி. நவம்பரில் மணிக்கூட்டைத் திருப்பினால் ஐந்து மணிக்கே இருட்டு. பல்கனி வெளிச்சத்தை நம்பிக் கீறுகிறவனுக்கு நாள் சுருங்குகிறது, இரவு நீள்கிறது. எங்கள் பழைய ஆட்கள் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் காலம் என்றார்கள். வருடத்தை ஆறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தவர்கள் நாங்கள். தொலைபேசித் திரைக்கு அந்த ஆறும் இல்லை, இங்குள்ள நாலும் இல்லை. எந்த நாளும் அதற்கு ஒரே நாள். அதன் வேகத்துக்கு வருடம் முழுக்க ஓடியவர்கள், இருட்டுகிற இந்த மாதங்களிலாவது போட்டதை எல்லாம் இறக்கி எடுத்து, பெயரிட்டு, அடுக்கி வைக்கலாம்.

அன்ரியின் கல்வெட்டு குறித்த நாளுக்கு வந்தது. முன்பக்கத்தில் ஒரு புகைப்படம். என் படத்தை உள்ளே நாலாம் பக்கத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் போட்டிருந்தார்கள். 'நாள் 17' என்பதை என்னால் முடிந்தளவு அழித்துக் கொடுத்திருந்தேன். கைவிரல்கள் இருந்த இடம் மங்கலாகத்தான் இருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "செடி வடிவாய் வந்திருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னா.

வீட்டைக் காலிசெய்யும்போது அந்தச் செடியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள். மேல்மாடியில் இப்போது ஒரு நேபாளக் குடும்பம். இன்றிரவு 9 பாகை என்று சொல்கிறார்கள். சாடி நான் நினைத்ததைவிடப் பாரம். இழுத்து உள்ளே வைத்துவிட்டு, கடதாசியை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் படம் ஆளில்லாத செடிதான். யாருக்காக என்று இந்த முறை எனக்குத் தெரியும். அக்காவுக்கு.